சாவுக்கு அடிக்காத பறை

வைக்கோல் புகை மூக்கில் ஏறியபோது ஜெசிந்தா அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டி அனுப்பிய துணி, வண்டிக் குலுக்கலில் வழியிலேயே அவிழ்ந்துபோயிருந்தது. புகை எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பறையைக் காய்ச்சுகிற நெருப்பு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த வாசனை வந்தால் ஊருக்குள் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். அப்போது உயிரோடிருந்த அம்மா ஹெலன் உடனே ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

“மாமல்லபுரத்துலருந்து பசங்க வந்துட்டாங்க ஜெசி. ரஞ்சிதா வண்டி புடிச்சி எல்லாரையும் கூட்டினு வந்துகீது” என்றான் அவள் கணவன் ஜெபகுமார், வாசற்படியில் நின்றபடி.

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். பந்தலுக்கு வெளியே, தெருவோரத்தில், பறைகளை வட்டமாக நிறுத்தி நடுவில் வைக்கோலைப் பற்றவைத்திருந்தார்கள். ஹேமந்த் குனிந்து தோலில் விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரஞ்சிதா அழவில்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. காலையில் மீன் விற்கப் போன புடவையோடு அப்படியே வந்திருந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் நெருப்புக்குத் திரும்பிப் போனாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு கிரில் கதவு திறந்தது.

தெருவில் பேச்சு அடங்கியது. தேவசகாயம் வெளியே வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. சாவுக்காவது வந்தாரே என்று கிழவிகள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு வழிவிட்டு ஜெபகுமார் ஒதுங்கி நின்றான்.

அவர் ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. பந்தல் காலடியில் கை கால் கழுவ வைத்திருந்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நெருப்பின்மேல் கவிழ்த்தார். புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழுந்து பந்தலுக்குள் புகுந்தது. தண்ணீர் பட்டுவிடாமல் ரஞ்சிதா பாய்ந்து பறைகளை இழுத்தாள்.

“இன்னா பெர்சு! இன்னா பண்ற நீ?” என்று ஹேமந்த் கத்தினான்.

“இந்தத் தெருவுல சாவுக்குப் பறை அடிக்கிறது இல்ல” என்றார் தேவசகாயம். குரல் உயரவில்லை. “அவனுக்கும் இல்ல, நாளைக்கி எனக்கும் இல்ல. யாருக்கும் இல்ல.”

“நாங்க இன்னா ஊர்க்காரன் சாவுக்கா அடிக்க வந்துகீறோம்? எங்க அண்ணாத்தைக்கு அடிக்க வந்துகீறோம்” என்றாள் ரஞ்சிதா.

“யாருக்கு அடிச்சா இன்னாம்மா? சாவு மோளம் சாவு மோளந்தான்.”

“அவரே சொல்லிகீறாரு. திருப்போரூர்ல புரோகிராம் முடிச்சிகினு வரச்சொல்ல, வண்டியில சொன்னாரு. நான் போனா யாரும் அழுவாதீங்க, நல்லா அடிச்சி அனுப்புங்கன்னு சொன்னாரு. ஹேமந்த், நீயும் இருந்தல்ல, சொல்லு.”

ஹேமந்த் தலையைச் சொறிந்தான். “சொன்னாரு. ஆனா எல்லாரும் சிரிச்சிகினு இருந்தோம்... தமாசாதான் சொன்னாரு.”

ரஞ்சிதா அவனை முறைத்தாள். தேவசகாயம் காலி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“ஒத்தப் பொண்ணு நீ. நீ சொல்லு. அடிக்கட்டும்னு சொன்னின்னா நான் தடுக்கல. என் வூட்டுக் கதவச் சாத்திகினு உள்ள போயிடுறேன். தூக்கறதுக்கும் வர மாட்டேன், மண்ணு போடறதுக்கும் வர மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் தன் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் ஐஸ் பெட்டி தெரியாது. பந்தலின் நீலத் துணிதான் தெரியும்.

---

நடந்தது எல்லாம் காலனியில் எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தா அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் இறந்துபோனார். வழக்கம்போலக் காலனிக்கு ஆள் வந்தது. அவள் அப்பா அப்பாசாமியின் அடிக்குப் பக்கத்து ஊர்களில் ஈடில்லை. அவர் பறையை எடுத்துத் தோளில் மாட்டும்போது தம்பி குறுக்கே நின்றார். அன்றைக்கு அவர் பெயர் தேவராசு. ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனது பிறகு. வந்த ஆளிடம், “இனிமே எங்க தெருவுலருந்து யாரும் சாவுக்கு அடிக்க வர மாட்டாங்கன்னு போய்ச் சொல்லு” என்றார்.

அன்று சாயங்காலமே ஊர்க்காரர்கள் அவரை ஏரிக்கரையில் மடக்கி அடித்தார்கள். உடம்பில் ஓர் இடம் விட்டுவைக்கவில்லை. இடது காது அதோடு போயிற்று. அந்த நடவு முழுக்கக் காலனிக்கு வேலை கிடையாது, ஊர்க் கடையில் அரிசி கிடையாது. காலனி மடங்கவில்லை. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அப்பாசாமி, பாட்டன் காலத்துப் பறையைத் தெருநடுவில் வைத்துத் தன் கையாலேயே கொளுத்தினார். தோல் எரிகிற நாற்றம் ரெண்டு நாள் போகவில்லை என்று அம்மா சொல்வாள்.

அப்புறம் தேவசகாயம் மின்வாரியத்தில் லைன்மேன் ஆனார். அப்பாசாமி சிற்பப் பட்டறைகளுக்குக் கல் ஏற்றி இறக்கினார். ஜெசிந்தா படித்தாள். அணுபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அலுவலக வேலை கிடைத்தது. எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் சென்னையிலிருந்து ராகவன் வந்தார். நாட்டுப்புறக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றும் சங்கம் ஒன்றை நடத்துகிறவர். யார் சொல்லியோ அப்பாசாமியைப் பட்டறையில் கண்டுபிடித்தார். கல்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரின் கையில் ஒரு பறையைக் கொடுத்தார்.

அப்பா புதுப் பறையோடு வீட்டுக்கு வந்த அன்று தெருவில் நடந்த பேச்சு ஜெசிந்தாவுக்கு மறக்கவில்லை.

“கொளுத்துனத மறுபடியும் தோள்ல மாட்டிகினு வந்துட்டியா?” என்று சித்தப்பா கேட்டார்.

“சாவுக்கு இல்லடா தேவராசு. மேடைக்கு. சந்தோசத்துக்கு அடிக்கப்போறேன். சாவுக்குத் தொட மாட்டேன், போதுமா?”

“கேக்கறவன் காதுல ரெண்டும் ஒண்ணுதான்.”

அதுதான் கடைசிப் பேச்சு. அப்பா மேடை மேடையாகப் போனார். மாமல்லபுரத்தில் குழு சேர்ந்தது. ரஞ்சிதா மாதிரி கடலோரக் குப்பத்துப் பெண்கள்கூட வந்து சேர்ந்தார்கள். கல்லூரிகளில் மாலை போட்டார்கள். பேப்பரில் படம் வந்தது. அணுபுரத்தில் கூட வேலைசெய்கிறவர்கள் அதைக் காட்டி, “உங்க அப்பாவா மேடம்? சொல்லவே இல்லயே!” என்று ஆச்சரியப்பட்டார்கள். ஜெசிந்தா சிரித்து வைத்தாள். திருக்கழுக்குன்றத்துப் பள்ளிக்கூடத்தில் ‘மோளக்காரன் பொண்ணு’ என்று கூப்பிட்ட குரல்களையும் இந்தக் குரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எதற்கு எது பதில் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

---

வெயில் ஏறியபோது ராகவன் காரில் வந்து இறங்கினார். கூடவே கேமராவோடு ஒருவர். ராகவன் ஐஸ் பெட்டியின்மேல் மாலையை வைத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அந்த அழுகை பொய்யில்லை என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கியவர் அவர்.

“அச்சரப்பாக்கம், மதுராந்தகம் எல்லா இடத்திலேருந்தும் குழுக்கள் கெளம்பிட்டாங்கம்மா. யாரையும் நான் கூப்பிடல, அவங்களாவே வர்றாங்க” என்றார். “ஒரு கலைஞனுக்கு அவன் கலையாலதானே மரியாதை செய்ய முடியும்? இத்தனை பறையும் சேர்ந்து ஒரே அடியா அடிச்சு அவரை அனுப்பினா, இது சாவு மேளம் இல்ல, எங்க கலைன்னு உலகத்துக்கே தெரியும். அவர் வாழ்க்கை பூரா அதைத்தானே சொல்லிட்டு இருந்தார்?”

“சித்தப்பா ஒத்துக்க மாட்டேன்றாரு சார்.”

“கேள்விப்பட்டேன். அவர் பட்டது எனக்குத் தெரியும், இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க மகள். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

எல்லாரும் ஒரு வார்த்தையைத்தான் கேட்டார்கள்.

அவள் உள்ளே போய் அப்பாவின் கட்டில்மேல் உட்கார்ந்தாள். சுவரில் ஆணியில் பறை தொங்கியது. அதற்குக் கீழே, சுவரில், அதன் விளிம்பு உரசி உரசி ஒரு பிறைக்கோடு விழுந்திருந்தது. ஒருமுறை மாமல்லபுரத்து விழாவுக்கு அணுபுரத்துத் தோழிகளோடு போயிருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில் நின்று பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அப்பா குதித்துக் குதித்து அடித்தார். கடற்காற்றில் தலைத்துண்டு பறந்தது. அவருக்கு அப்படி ஒரு முகம் இருப்பதை அவள் வீட்டில் பார்த்ததே இல்லை. கல் தூக்கியபோதும் இல்லை, பேரப்பிள்ளையைத் தூக்கியபோதும் இல்லை. பக்கத்தில் நின்ற தோழி கை வலிக்கத் தட்டினாள். ஜெசிந்தாவும் தட்டினாள்.

அந்த முகத்துக்கு உரியதைச் செய்யாமல் அனுப்பலாமா? சித்தப்பா கோபம் ஒரு மாதத்தில் ஆறும். இல்லை, ஆறாமலே போகும். போகட்டும். செத்துப்போனவர் அப்பா அல்லவா?

அடிக்கட்டும் என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு எழுந்தாள். ஆனால் அதைச் சித்தப்பா வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது, தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வெளியே வந்தாள்.

பந்தலில் ஒரு சலசலப்பு. ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளைச் சட்டையும் கைத்தடியுமாக இருந்தார். சித்தப்பா அடிபட்ட அன்றைக்கு இறந்த நிலக்காரரின் மகன். இவருக்கே இப்போது எழுபது இருக்கும். காலனிக்குள் கால் வைத்ததில்லை. நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். ஜெபகுமார் கொடுத்த டீயை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

“நல்ல மனுசன்” என்றார் பொதுவாக. “எங்க பாட்டன் போனப்ப இவன் சின்னப் பையன். இவன் அடிச்ச அடிதான் இன்னும் காதுல கீது. சுடுகாடு வரிக்கும் ஒரே ஆட்டம். எங்கப்பாருக்குத்தான் குடுத்து வெக்கல.”

அவர் டீயை உறிஞ்சினார். ஓரமாக நின்ற பறைகளை, ஈரம் சொட்டுகிற வைக்கோலை, ரஞ்சிதாவை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எப்ப ஆரம்பிப்பீங்க? பழைய அடியெல்லாம் இப்ப எவன் அடிக்கிறான்? கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். இந்தத் தெருவுல சாவு மோளம் கேட்டு எத்தினி வருசம் ஆவுது.”

அவர் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே ஆசையாகத்தான் கேட்டார். அதுதான் ஜெசிந்தாவை நிற்கவைத்தது. ஏளனமாகக் கேட்டிருந்தால் அவள் கோபத்தில் ‘ஆமா, இதோ ஆரம்பிக்கப்போறோம்’ என்றுகூடச் சொல்லியிருப்பாள். இவர் கச்சேரிக்கு வந்தவர் மாதிரி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தார். ராகவனின் ஆள் கேமராவைக் கண்ணில் வைத்து, அவரும் ஐஸ் பெட்டியும் ஒன்றாகத் தெரியும்படி நகர்ந்து நின்றார்.

எதிர்வாசலில் சித்தப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெரியவர் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஆனால் வந்தவர் யார் என்று பார்த்துவிட்டார். முழங்கால்களின்மேல் இருந்த இரண்டு கைகளும் லுங்கியைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

ஜெசிந்தா பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

“மோளம் இல்லீங்க” என்றாள். “நாலு மணிக்கி எடுத்துருவோம். அதுவரிக்கும் இருக்கறதுன்னா இருங்க.”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “இல்லியா? அப்பாசாமிக்கே இல்லியா?” என்று கேட்டுவிட்டு, கூட வந்தவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள்.

---

ரஞ்சிதா ஜெசிந்தாவின் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் இழுத்துக்கொண்டு போனாள்.

“அந்தாளு வந்து கேட்டான்னு நீ இல்லன்னுட்ட. அவனுக்குக் குடுத்த பதில எங்களுக்கும் குடுத்துட்ட. அக்கா, அவன் யாரு எங்களுக்கும் அண்ணாத்தைக்கும் நடுவுல?”

“அவன் வரலன்னாலும் நாளைக்கி வருவான் ரஞ்சிதா. இன்னிக்கி இங்க அடிச்சா, ‘உங்க சாவுக்கு அடிக்கிறீங்க இல்ல, எங்க சாவுக்கும் வா’ன்னு வந்து நிப்பான். அப்ப நீயும் ராகவன் சாரும் இங்க இருக்க மாட்டீங்க. சித்தப்பாதான் இருப்பாரு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினியா?” ரஞ்சிதாவின் மூச்சு ஏறி இறங்கியது. “நான் இத மாட்டுனப்ப எங்க குப்பத்துல இன்னா பேசுனாங்க தெரியுமா? செம்படவப் பொண்ணு போயும் போயும் பறையத் தூக்கறாளான்னு எங்கண்ணன் என் கூடையத் தூக்கிக் கடல்ல வீசினான். எனக்கு வந்த மாப்பிள்ள வேணான்னுட்டுப் போயிட்டான். அப்பல்லாம் அண்ணாத்த ஒரு ஆளுதான், ‘அடிமா, காது கேக்காதவனுக்கும் கேக்கற மாதிரி அடி’ன்னு நின்னாரு. எங்கப்பா செத்தப்பகூட எனக்கு இப்டி இல்ல. இப்ப மூடிகினு நில்லுன்றியே. நாங்க அவருக்கு யாரு அக்கா?”

பிழைக்கிற பிழைப்பையும் கல்யாணத்தையும் விலையாகக் கொடுத்து இவள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட பறை இது. அதே பறையைக் கீழே வைப்பதற்காகச் சித்தப்பா ஒரு காதைக் கொடுத்தார். இரண்டில் எதையும் தன்னால் பொய்யென்று சொல்ல முடியாது என்று மட்டும் தெரிந்தது.

“நீ விரும்பி மாட்டிகின. எங்க மேல மாட்டி வுட்டாங்கடி” என்றாள் மெதுவாக.

ரஞ்சிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் மாமல்லபுரத்துல உங்களுக்குப் புரோகிராம் இருக்கு இல்ல?”

“கேன்சல் பண்ணச் சொல்லியாச்சி. அண்ணாத்த பொணமாக் கெடக்கறப்ப மேடையில போய் ஆடுவமா?”

“கேன்சல் பண்ணாத. போங்க.”

“மண்ணு போடாமயா?”

“மண்ணு நாங்க போடறோம்.” ஜெசிந்தா சொட்டுகிற குழாயை இறுக்கி மூடினாள். “மேடைக்குத்தான் அடிப்பேன்னு அவரு இந்தத் தெருவுல நின்னு சித்தப்பாகிட்ட சொன்னாரு. நான் கேட்டேன். வண்டியில உன்னான்ட சொன்னது தமாசோ நெசமோ எனக்குத் தெரியல. என்னான்ட அவரு ஒண்ணுமே சொல்லல ரஞ்சிதா. நான் கேட்டத வெச்சிகினுதான் நான் செய்ய முடியும்.”

ரஞ்சிதா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி முகத்தைத் துடைத்தாள். “நீ இன்னிக்கி தப்புப் பண்றக்கா” என்றாள். “பெரிய தப்பு.”

“இருக்கலாம்.”

ரஞ்சிதா முன்பக்கம் போனாள். பறைகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏறும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பையன் தேம்பி அழுதான். வண்டிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. வண்டி கிளம்பியதா, மேடைக்குப் போகிறதா, இல்லை ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குத்தான் போகிறார்களா என்று ஜெசிந்தா போய்க் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்குப் போய்விட்டது என்று பட்டது.

ராகவன் போனில் பேசிக்கொண்டிருந்தார். வழியில் வந்துகொண்டிருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார் போல. அவள் பக்கம் வந்து, “உங்க முடிவு. ஆனா எனக்கு மனசு ஆறலம்மா” என்றார். கேமராக்காரரைக் காரில் ஏற்றி அனுப்பினார். தான் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாடை கட்டுகிற இடத்தில் போய் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

---

நாலு மணிக்கு எடுத்தார்கள்.

தேவசகாயம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் பாடையின் முன்கொம்பைத் தோளில் வாங்கிக்கொண்டார். அவர் வயதுக்கு அது வேண்டாம் என்று ஜெபகுமார் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஜெசிந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

சத்தமே இல்லாமல் ஒரு சாவு தெருவில் போவது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. செருப்புகள் தரையில் தேய்கிற சத்தம். மூங்கில் கிரீச்சிடுகிற சத்தம். தூக்குகிறவர்கள் மூச்சுவிடுகிற சத்தம். கால் எடுத்துவைக்க ஒரு தாளம் இல்லாமல் பாடை ஒரு பக்கம் முந்தியது, ஒரு பக்கம் பிந்தியது. அப்பாவின் தலை மாலைகளுக்கு நடுவில் இப்படியும் அப்படியும் ஆடியது. “பாத்து, பாத்து” என்று யாரோ சொன்னார்கள். வழியில் ஒரு டீக்கடையில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் கடைக்காரன் அதை நிறுத்தினான். நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். அந்தப் பாட்டாவது இருந்திருக்கும்.

தப்புத்தான் பண்ணிவிட்டேனோ என்று அடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே நடந்தாள். எந்த அடியிலும் பதில் வரவில்லை.

குழிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து முகத்துணியை விலக்கியபோதுதான் தேவசகாயம் அண்ணனைப் பார்த்தார். குனிந்து, மாலையை ஒதுக்கி, கன்னத்தைப் புறங்கையால் தொட்டார்.

“இவ்ளோ எளச்சிட்டானா” என்றார்.

“சாப்பாடே எறங்கல சித்தப்பா. கடைசி ஒரு மாசமா.”

அவர் எழுந்திருக்கவில்லை. தலையை நிமிர்த்தாமலே கேட்டார். “என்னையக் கேட்டானா?”

ஜெசிந்தா குழி வெட்டிப் போட்டிருந்த செம்மண்ணைப் பார்த்தாள்.

“கேட்டாரு. முந்தாநாளு முழுக்கக் கேட்டாரு. தேவராசு வந்தானா, தேவராசு வந்தானான்னு. ‘வந்துட்டுப் போனாருப்பா, நீதான் தூங்கினு இருந்த’ன்னு சொல்லிட்டேன்.”

மண்வெட்டி வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பனைமரத்தில் காற்று சரசரத்தது.

“நம்பினானா?”

“தெரியல சித்தப்பா. கண்ண மூடிகினாரு.”

தேவசகாயம் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஒரு பஸ் தூரம். ஒருநாள் செங்கல்பட்டு வரைக்கும் போய், ஆஸ்பத்திரி வாசலில் பழம் வாங்கிக்கொண்டு நின்று, பிறகு திரும்பி வந்துவிட்டதாகப் பிற்பாடு சித்தி சரோஜா சொல்லித்தான் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அப்போது அண்ணனின் மேல்துண்டைச் சரிசெய்தார். சட்டைப் பித்தான் ஒன்று கழன்றிருந்தது. அதைப் போட்டுவிட்டார். பிறகு துணியை இழுத்து முகத்தை மூடினார்.

முதல் மண்ணை ஜெசிந்தாதான் போட்டாள். ராகவன் கடைசியில் வந்து ஒரு பிடி போட்டார். எல்லாரும் ஒரே குளத்தில் கால் கழுவிக்கொண்டு திரும்பினார்கள்.

---

மூன்றாம் நாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். அப்பாவுக்குப் பிடித்ததை ஆக்கிப் படைக்க வேண்டும். சித்தி அடுப்பை மூட்டிவிட்டு, “மீனுக்கு யாரு போறீங்க?” என்று கேட்டாள். ஜெபகுமார் பை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் தெருமுனையில் ரஞ்சிதா வருவது தெரிந்தது. தலையில் கூடை.

அன்றைக்குப் பிறகு ஒரு போன் இல்லை, ஒரு செய்தி இல்லை. மேடை ஏறினார்களா என்று ஜெசிந்தாவும் யாரிடமும் கேட்கவில்லை. ஹேமந்த் ஏதோ வீடியோ அனுப்பியிருந்தான். அதை அவள் திறக்காமலே வைத்திருந்தாள்.

எதிர்வாசலில் உட்கார்ந்திருந்த தேவசகாயத்தை ரஞ்சிதா பார்க்காதது மாதிரி கடந்தாள். அவரும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் நேரே வீட்டுக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டிக்கருகில் கூடையை இறக்கினாள். நல்ல சங்கரா மீன், கண் மங்காமல் இருந்தது. யாரையும் கேட்காமல் அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “அண்ணாத்தைக்கு இது இருந்தாப் போதும்” என்றாள் பொதுவாக.

ஜெசிந்தா குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

ரஞ்சிதாவின் வலது கையில், பறைக்குச்சி பிடிக்கிற ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பழைய சீலைத் துணியால் சுற்றியிருந்தன. இடது உள்ளங்கை ஓரம் முழுக்கத் தோல் உரிந்து, சிவப்பாகச் சதை தெரிந்தது. மீனைப் பிடித்து வாலைத் தட்டும்போது உப்புத்தண்ணீர் பட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். துணியில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஊறியது.

ஜெசிந்தா எதிரே குந்தி உட்கார்ந்து, அரிவாள்மனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துச் செதில் சீவத் தொடங்கினாள். ரஞ்சிதா கையை மடியில் வைத்துக்கொண்டு, செதில்கள் ஈரத்தரையில் சிதறி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.